ஹெல்ப்ல இருந்த சதுர அடைப்புக்குறி

மன்னார்குடி பக்கம் ஒரு நெல் மண்டிக்கு மூட்டைக் கணக்கு பாக்க பைத்தான்ல ஒரு கமாண்ட் லைன் டூல், அதாவது கட்டளைய டைப் பண்ணி ஓட்டுற புரோகிராம், எழுதிக் கொடுத்தேன், குறுவை அறுப்பு நேரம், கணக்கு எழுதுற அக்கா போன் பண்ணி "தம்பி, அதுல போட்டிருக்கிற மாதிரியேதான் அடிக்கிறேன், எரர் வருதுப்பா"ன்னாங்க. நேர்ல போய் பாத்தா, கட்டளைய எப்படி அடிக்கணும்னு டூல் காட்டுற ஹெல்ப்ல இருந்த சதுர அடைப்புக்குறியையும் சேத்தே அடிச்சிருக்காங்க. அதுக்கு 'வேணும்னா போடலாம்'னு அர்த்தம்னு அவங்களுக்கு யாரு சொன்னா? தப்பு என்னோடதுதான்.

அன்னிக்கு ராத்திரியே மாத்தினேன். ஹெல்ப்ப உருவாக்குற பைத்தான் லைப்ரரி ஆர்க்பார்ஸ் தானா போடுற யூசேஜ் வரிய எடுத்துட்டு, அப்படியே காப்பி பண்ணி அடிக்கிற மாதிரி ரெண்டு முழு உதாரணம் மேலயே வச்சேன், ஆனா ஆர்க்பார்ஸ சும்மா விட்டா எல்லா வரியையும் ஒண்ணா ஒட்டிடும், அதுக்கு ரா டிஸ்க்ரிப்ஷன் ஹெல்ப் ஃபார்மேட்டர்ங்கிற செட்டிங்கக் கொடுத்தாதான் வரி வரியா நிக்கும். தேதிக்கு வெறும் 'டேட்'னுதான் இருந்துச்சு. 12/06ன்னா நமக்கு மேட்டூர் திறக்கிற ஜூன் 12, என் புரோகிராம் டிசம்பர் 6ன்னு எடுத்துக்கிச்சு, அதனால புரோகிராமத் திருத்தி, ஹெல்ப்லயும் 'முதல்ல நாள், அப்புறம் மாசம்'னு தமிழ்லயே எழுதினேன்.

சம்பா அறுப்புல அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், எழுத்தக் கொஞ்சம் பெருசாக்க முடியுமான்னு.