டேங்கர் எவ்வளவு கொடுக்கும்? பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

என் முதல் கணக்குத்தாளில், டேங்கர் விமானம் (பறந்தபடியே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் கொடுப்பது) மணிக்கு இத்தனை டன் எரிக்கும் என்று ஒரே எண்ணைப் போட்டு, போகவும் வரவும் அதையே கழித்தேன். விடை அழகாகத்தான் வந்தது. ஆனால் எரிபொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் டேங்கர், வந்தபோது இருந்த எடையில் பாதிகூட இருக்காது. அது உறைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

சரி, ப்ரெகே சூத்திரத்துக்கு வருவோம்; எரிபொருள் எரிய எரிய எடை குறைவதையும் சேர்த்துத் தூரத்தைக் கணக்கிடுவது அது. வேகம் 850 கி.மீ., ஏற்றுவிசைக்கும் இழுவிசைக்கும் உள்ள விகிதம் 17, எரிபொருள் செலவு வீதம் (ஒரு கிலோ உந்துவிசைக்கு எத்தனை கிலோ எரியும் என்பது) மணிக்கு 0.65 என்று வைத்தேன். முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் சுமார் 22,000 கி.மீ. இனி 2.718-ஐ (தூரம் ÷ 22,000) என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள். ஒரு பக்கத் தூரம் 2,000 கி.மீ. என்றால் 1.095 வரும்; அந்தத் தூரத்தின் தொடக்க எடை, முடிவு எடையைப் போல அத்தனை மடங்கு.

அமெரிக்க விமானப்படையின் கேசி-135 டேங்கர் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். புறப்படும் எடை 146 டன். காலி எடை 54, கையிருப்பு 5, ஆக இறங்கும் எடை 59. புறப்படும் எடையை 1.095-ஆல் வகுத்தால் 133.3, அது கொடுப்பதற்கு முன் உள்ள எடை; இறங்கும் எடையை அதனாலேயே பெருக்கினால் 64.6, அது கொடுத்தபின் இருக்க வேண்டிய எடை. வித்தியாசம் 68.7 டன், அதுதான் கொடுக்கக்கூடியது. போகும்போது எரிந்தது 12.7, திரும்பும்போது வெறும் 5.6.

சரக்கும் ஏற்றினால் அதை இறங்கும் எடையில் கூட்டுங்கள். 10 டன் சரக்குக்கு 11 டன் எரிபொருள் போய்விடும், அதைத் திரும்பவும் சுமந்து வருவதால்.

காத்திருப்பை நான் தூரமாகவே மாற்றிவிடுவேன்: ஒரு மணி நேரம் என்றால் 850 கி.மீ. ஆனால் எந்தப் பக்கம் சேர்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கொடுப்பதற்கு முன் வட்டமடித்தால் 5 டன் போகும், கொடுத்தபின் என்றால் அதில் பாதிதான்.

அப்புறம் ஒரு சரிபார்ப்பு. கேசி-135 பற்றிய அமெரிக்க விமானப்படையின் தகவல் தாள் 1,500 மைலுக்கு (சுமார் 2,400 கி.மீ.) 68 டன் என்கிறது. என் தாளில் 65. உயரம் ஏறும் செலவைக் கழிக்காமலே குறைகிறது என்றால், என் 17 கொஞ்சம் கஞ்சத்தனம்தான்.

டேங்கருக்கு டேங்கர் கொடுப்பதானால் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை போடுங்கள். 1982 ஃபாக்லாந்து போரில் ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்துக்காக 11 விக்டர் டேங்கர்கள் கிளம்பின. அவை கொடுத்ததில் பெரும்பங்கு மற்ற விக்டர்களுக்கே போனது.