சோலார் சுடுதண்ணீர்ச் சுற்றில் கிளைக்கோல் நிரப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவில் ஜனவரி இரவுகள் மைனஸ் 20 பாகை வரை இறங்குவதுண்டு. கூரையில் இருக்கும் சூரியத் தகடுகளுக்குள் வெறும் தண்ணீர் ஓடினால் ஒரே இரவில் உறைந்து செப்புக் குழாயைப் பிளந்துவிடும். அதனால்தான் இங்கே கூரைக்கும் பேஸ்மென்ற்றில் உள்ள தாங்கிக்கும் இடையே மூடிய சுற்று ஒன்றை வைத்து, அதற்குள் தண்ணீரும், அதை உறையாமல் காக்கும் கிளைக்கோல் என்ற திரவமும் கலந்த கலவையை ஓட விடுகிறார்கள். 2007இல் தொடங்கிய கனடிய மத்திய அரசின் ஈக்கோஎனர்ஜி உதவித்தொகைக் காலத்தில் பொருத்தியவை இப்போது பழசாகிவிட்டன. பல வீடுகளில் திரவத்தை மாற்ற வேண்டிய நேரம் இது.

எங்கள் வீட்டில் நான் செய்த தவறையே முதலில் சொல்கிறேன். ஒரு நவம்பரில் சுற்றின் அழுத்தமானி 20 பி.எஸ்.ஐ.யிலிருந்து (அழுத்தத்தை அளக்கும் அலகு) 8க்கு இறங்கியிருந்தது. குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் விட்டேன், முள் பழைய இடத்துக்கு வந்தது. அடுத்த வருடமும் அப்படியே செய்தேன். அந்த ஜனவரியில் கூரைக்குப் போகும் குழாய் வெடித்தது. மிச்சமிருந்த கலவையைச் சோதித்தபோது மைனஸ் 10 பாகையைக்கூடத் தாங்காத அளவுக்கு நீர்த்திருந்தது. அழுத்தமானி அழுத்தத்தை மட்டும்தான் காட்டும். உள்ளே கிளைக்கோல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்லாது. அழுத்தம் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது காற்று வெளியேறியிருக்கிறது. எது என்று கண்டுபிடித்த பிறகு, அதே விகிதத்தில் கலந்த திரவத்தையே சேர்க்க வேண்டும். நகரக் குழாயோடு இணைத்துத் தானாக நிரப்பும் வால்வு வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிடுவது நல்லது. கசிவு நடக்க நடக்க அது தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எந்தத் திரவம் என்பதில் சமரசமே வேண்டாம். காருக்கு ஊற்றும் அன்ரிஃபிறீஸ் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கோல். அது நஞ்சு, இனிப்பாகவும் இருக்கும். சுற்றின் சூட்டைத் தாங்கித் தண்ணீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியில் ஒரு சிறு ஓட்டை விழுந்தால் குளிக்கும் தண்ணீரிலும் சமையல் தண்ணீரிலும் கலந்துவிடும். வேண்டியது புரோப்பிலீன் கிளைக்கோல், அதிலும் சோலாருக்கென்று துருத்தடுப்பான் சேர்த்து, அதிக வெப்பத்தைத் தாங்கும்படி செய்தது. பயண வண்டிகளின் குழாய்களுக்கு விற்கும் மலிவான இளஞ்சிவப்புத் திரவம் இதற்கு உதவாது. இரண்டு நிறுவனங்களின் திரவங்களைக் கலக்கவும் வேண்டாம், துருத்தடுப்பான்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கசடாகப் படியலாம்.

புரோப்பிலீன் கிளைக்கோல் 30 சதவீதம் என்றால் ஏறத்தாழ மைனஸ் 13 பாகை வரை தாங்கும், 40 என்றால் மைனஸ் 21, 50 என்றால் மைனஸ் 33. இங்கே 50 சதவீதம் சரி. கூட ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பது தவறு. திரவம் கெட்டியாகிப் பம்ப் திணறும், வெப்பத்தைச் சுமக்கும் திறனும் குறையும். கலக்கும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும், கடினத் தண்ணீர் துருத்தடுப்பானைக் கெடுக்கும். ஏற்கனவே கலந்து விற்பதை வாங்கினால் இந்த வேலையே இல்லை. ஆனால் சுற்றைக் கழுவிய தண்ணீர் தகடுகளின் வளைவுகளில் தங்கியிருக்கும், அதுவும் கலவையை நீர்க்க வைக்கும். ஆகவே நிரப்பி முடித்ததும், கலவையின் செறிவைக் காட்டும் ரிஃபிராக்டோமீற்றரில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். எத்திலீனுக்கும் புரோப்பிலீனுக்கும் அதில் தனித்தனி அளவுகோல் உண்டு, மாற்றிப் படித்துவிடாதீர்கள்.

உச்சி வெயிலில் நிரப்பவே கூடாது. காலியான தகடு 150 பாகைக்கு மேல் சூடேறும், வெற்றிடக் குழாய் வகைத் தகடுகள் 200ஐயும் தாண்டும். அதற்குள் குளிர்ந்த திரவம் போனால் நொடியில் ஆவியாகும், பக்கத்தில் நிற்பவருக்குச் சுட்டுவிடும். அதிகாலையில் செய்யுங்கள், அல்லது தகடுகளைத் துணி போட்டு மூடுங்கள்.

அடுத்தது காற்று. அதிகம் பேர் தடுக்கி விழுவது இதில்தான். சுற்றில் இருக்கும் சிறிய பம்ப் நிறைந்த திரவத்தைச் சுழற்றத்தான், காலிக் குழாயில் இரண்டு மாடி உயரத்துக்குத் தூக்க அதனால் முடியாது. வாளியில் இருக்கும் திரவத்தை எடுத்து நிரப்புவதற்குப் பலமான தனிப் பம்ப் வேண்டும். நிரப்பும் இரண்டு வால்வுகளுக்கு நடுவில் உள்ள வால்வை மூடாமல் விட்டால் திரவம் குறுக்கு வழியில் வாளிக்கே திரும்பும். குமிழி இல்லாமல் அழகாக வரும், ஆனால் கூரைக்கு ஒரு துளியும் போயிருக்காது. திசையும் முக்கியம், ஒருவழி வால்வுக்கு எதிராகத் தள்ளினால் நகராது. திரும்பி வரும் குழாயின் நுனி வாளித் திரவத்துக்குள் மூழ்கியே இருக்கட்டும். குமிழிகள் நின்ற பிறகும் 20 நிமிடமாவது ஓட விடுங்கள். அப்புறம் கூரையிலுள்ள காற்று வெளியேற்றியை மூடிவிட வேண்டும். திறந்தே விட்டால் கோடையில் அதன் வழியே ஆவி போய்விடும்.

அழுத்தத்துக்குக் கணக்கு எளிது. ஒவ்வோர் அடி உயரத்துக்கும் 0.43 பி.எஸ்.ஐ. தகடு 24 அடி மேலே இருந்தால் சுமார் 10, உச்சியில் இருக்க வேண்டியது ஒரு 10. ஆக மொத்தம், சுற்று சூடாகாமல் இருக்கும்போது 20. திரவம் சூடாகி விரியும்போது இடம் கொடுக்கும் விரிவுத் தாங்கியின் காற்றழுத்தத்தைச் சுற்று காலியாக இருக்கும்போதே பாருங்கள், அது இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். நிரப்பிய பிறகு அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

பழைய திரவம் கரும்பழுப்பாகி, தீய்ந்த மணம் வந்தால், அல்லது அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7க்குக் கீழே போனால் அமிலமாகிக் குழாயை அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை வீதி வடிகாலில் ஊற்றாதீர்கள், அது ஏரிக்குப் போகும். நகராட்சி ஆபத்துக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

நிரப்பிய சில நாட்களில் கரைந்திருந்த காற்று வெளியேறி அழுத்தம் சற்று இறங்கும். கலந்த திரவத்தில் 5 லீற்றர் மிச்சம் வைத்து, பெயரும் விகிதமும் தேதியும் எழுதித் தாங்கிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முள் இறங்கும் நாளில் கைக்கு எட்டுவது அதுவாக இருக்கட்டும்.