முத்திரை சேர்ப்பவரைத் தமிழில் என்னவென்று எழுதுவது?

கண்காட்சிப் பலகையிலோ வாரமலர் அறிமுகத்திலோ தபால் முத்திரை சேர்க்கும் ஒருவரை 'பிலட்டலிஸ்ட்' என்று குறிப்பிட வேண்டி வரும்போது, பலர் அந்தச் சொல்லையே பிரித்துப் பார்த்துத் தமிழாக்க முனைகிறார்கள். பிசகு அங்கேதான் தொடங்குகிறது. 1864இல் பிரான்சைச் சேர்ந்த ஜோர்ஜ் எர்பன், 'விருப்பம்', 'வரிவிலக்கு' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை ஒட்டி அந்தத் துறைக்குப் பெயர் வைத்தார். முத்திரை ஒட்டிவந்த கடிதத்துக்குப் பெறுபவர் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே காரணம். அதைப் பிரித்து மொழிபெயர்த்தால் 'வரிவிலக்கு விரும்பி' என்று வரும், முத்திரையையே காணவில்லை. நெருப்புப்பெட்டி லேபல் சேர்ப்பவருக்குரிய ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான், 'ஒளி விரும்பி' என்றாகிவிடும். ஆகவே ஆங்கிலச் சொல்லை ஒதுக்கிவைத்து, அவர் சேர்க்கும் பொருளிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் அல்பத்தில் இருப்பது என்னவென்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'முத்திரை' என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. இலங்கையில் முத்திரை என்றால் கடிதத்தில் ஒட்டுவது. தமிழ்நாட்டில் அது தபால்தலை அல்லது அஞ்சல்தலை. அங்கே முத்திரை என்றால் அதன்மேல் குத்தும் சீல். தொல்லியல் படித்தவர் சிந்துவெளி முத்திரையை நினைப்பார், பரதம் பயின்றவர் கைவிரல்களை நினைப்பார். கொழும்பில் வைக்கும் பலகைக்கு 'தபால் முத்திரைச் சேகரிப்பாளர்' என்பதே பாதுகாப்பான சொல். பக்கத்தில் வரும் சிங்களச் சொல்லான 'முத்தர'வும் அதே வேரிலிருந்து வந்தது என்பதால் இரண்டும் இணங்கி நிற்கும். தமிழ்நாட்டு இதழுக்கு எழுதுவதானால் 'அஞ்சல்தலை' என்று மாற்றிவிடுங்கள். முத்திரையை விட்டு, உறையில் விழுந்த சீலை மட்டும் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'தபால் சீல் சேகரிப்பவர்' என்று தனியாக எழுதுங்கள். 1857இல் வந்த முதல் முத்திரையிலிருந்து, நாட்டின் பெயர் மாறிய 1972 வரையுள்ளதை மட்டும் சேர்ப்பவரை 'சிலோன்கால முத்திரைச் சேகரிப்பாளர்' என்றால் துறையிலுள்ளவர்களுக்கு உடனே விளங்கும்.

காசு விஷயத்திலும் கவனம் தேவை. 'காசு சேர்ப்பவர்' என்று எழுதினால் கோயில் திருவிழாவுக்குப் பணம் திரட்டுபவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். 'பழங்காசு சேகரிப்பவர்' என்றால் குழப்பமில்லை. இலங்கையில் நாணயம் என்ற சொல் உலோகக் குற்றியையும் தாளையும் சேர்த்தே குறிக்கும். இரண்டையும் வைத்திருப்பவருக்கு 'நாணயச் சேகரிப்பாளர்' பொருந்தும். தாள் மட்டும் என்றால் 'நாணயத்தாள் சேகரிப்பவர்'.

'நாணயவியலாளர்' என்ற பட்டத்தை அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாது. யாழ்ப்பாண அரசர்களின் காசிலுள்ள 'சேது' என்ற எழுத்தை வாசித்து, உலோகத்தையும் எடையையும் ஒப்பிட்டுக் காலம் சொல்லக்கூடியவருக்கு உரியது அது. நூறு காசு வைத்திருந்தும் அந்த ஆய்வில் இறங்காதவர் சேகரிப்பாளர்தான். ஒரு காசுகூடச் சொந்தமாக இல்லாதவர் நாணயவியலாளராக இருக்கலாம்.

பொருளின் பெயர் உறுதியானதும் சொல்லை அமைப்பது எளிது. பெயர் ஒருமையிலேயே இருக்கட்டும்; 'முத்திரைகள் சேகரிப்பாளர்' தவறு. மகரத்தில் முடிந்தால் அது கெட்டு வல்லினம் மிகும்: புத்தகம், புத்தகச் சேகரிப்பாளர். ('நூல் சேகரிப்பாளர்' என்றால் தையல் நூலா என்று கேட்க இடமுண்டு.) பெயர் நீண்டுவிட்டால் 'சேகரிப்பவர்' என்ற வினையாலணையும் பெயருக்கு மாறுங்கள். அங்கே ஒற்று மிகாது: பழைய ரயில் டிக்கெட் சேகரிப்பவர், திறப்பு வளையம் சேகரிப்பவர். 'சேகரித்தல்' எல்லாவற்றுக்கும் பொருந்தாது: வரி, கட்டணம், வாடகை போன்றவற்றுக்கு 'அறவிடுதல்' இருக்கிறது. நாட்டார் பாடல், பழமொழிக்குத் 'தொகுத்தல்' இருக்கிறது. 'ஆர்வலர்' என்பது விருப்பத்தை மட்டும் சொல்லும், கையில் பொருள் இருக்கிறது என்று சொல்லாது.

போத்தலுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 'போத்தல் சேகரிப்பவர்' என்றதும் கொழும்பு வாசகருக்கு வீடுவீடாகப் பழைய பேப்பரும் போத்தலும் வாங்க வருபவரே நினைவுக்கு வருவார். சோடாப் போத்தலா, மருந்துப் போத்தலா, எந்தக் காலத்தது என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்: 'பிரித்தானியர் காலச் சோடாப் போத்தல் சேகரிப்பவர்'.

எழுதி முடித்ததை அந்தத் துறை தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, 'இவர் வீட்டு அலுமாரியில் என்ன இருக்கும்?' என்று கேளுங்கள். வேறு பொருளைச் சொன்னால் முன்னால் ஒரு அடைமொழி குறைகிறது. வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் அகராதிகளைப் புரட்டும்போதும், ஆங்கிலத் துறைப்பெயரைத் தேடாமல் பொருளின் பெயரைத் தேடினால் வேலை சீக்கிரம் முடியும்.