கொடியில் காயும் நாளை வைத்து உடுப்பைக் கணக்கிடுங்கள்

1985ஆம் ஆண்டு அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் டொனா கரன், மாற்றி மாற்றிச் சேர்த்து உடுத்தக்கூடிய 7 உடுப்புகளை ஒரு தொகுதியாக வெளியிட்டார். ‘கெப்சூல் வார்ட்ரோப்’ எனப்படும் அளவான உடுப்புத் தொகுதிக்கு அது பெயர்பெற்ற முன்மாதிரி. அதே எண்ணிக்கையை இலங்கை மலையகத்தின் அட்டனிலோ நுவரெலியாவிலோ பின்பற்றினால், ஆனி மாத மழையில் சில நாட்களிலேயே உடுக்கக் காய்ந்த துணி இருக்காது. மலையகத்தில் துணி காயும் நாட்களை வைத்துத்தான் உடுப்பின் தொகையைக் கணக்கிட வேண்டும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னர், விடாமல் தூறும் ஒரு வாரத்தில் ஒரு பருத்திச் சட்டை, ஒரு ஜீன்ஸ், ஒரு சுவெட்டர் ஆகியவற்றைத் துவைத்து, வீட்டுக்குள் கட்டிய கொடியில் போட்டு, ஒவ்வொன்றும் காய எடுக்கும் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கையால் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும். குளிர்ந்த துணியும் ஈரத் துணியும் கைக்கு ஒன்றுபோலவே படும். ஜீன்ஸின் பைத் துணியை வெளியே இழுத்து, அதன்மேல் மெல்லிய கடதாசியை வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். கடதாசி துவண்டால் இன்னும் காயவில்லை. என் வீட்டில் வெளித்துணி காய்ந்த பின்னும் பையும் இடுப்புப் பட்டியும் மேலும் ஒரு நாள் ஈரமாகவே இருக்கும். அதனால் ஜீன்ஸ் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

நான்கு நாளுக்கு ஒருமுறை துவைத்து, காய மூன்று நாள் செல்லுமானால், உடம்போடு ஒட்டும் மேற்சட்டைகள் ஏழு வேண்டும். காற்சட்டையையோ பாவாடையையோ இரண்டு நாள் உடுக்கலாம் என்பதால் நான்கு போதும். சுவெட்டர் இரண்டு.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 6.5 பாகை வீதம் வெப்பம் குறைவதால், அங்கிருந்து கொழும்புக்கு இறங்குபவர் ஒரே பயணத்தில் 12 பாகை அளவு வித்தியாசத்தைக் கடக்கிறார். தை மாத உறைபனியில் பஸ் ஏறும்போது கதகதப்பாக இருந்த தடித்த ஜாக்கெட், அவிசாவளை வந்ததும் மடியில் சுமையாகிவிடும். உள்ளே பருத்தி, நடுவே கம்பளி, மேலே நீர் புகாத மேலங்கி என்று மெல்லிய மூன்று அடுக்குகளே கைகொடுக்கும். கம்பளியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டைக் காக்காது. கம்பளி ஈரம் குடித்த பின்னும் ஓரளவு காக்கும்.

நிறத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: சேறு தெரியாத கருநீலமோ கபிலமோ கீழே, அதோடு பொருந்துவன மேலே. திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் வைத்திருக்கும் சேலை, வேட்டியை இக்கணக்கில் சேர்க்கவே கூடாது.

அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெயில் எறிக்கும் நாளில் அதன் கதவுகளைத் திறந்துவிடுங்கள். வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியில் ஊசிமுனை அளவு கரும்புள்ளிகள் தெரிந்தால், அன்றைக்கே தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுங்கள். நாள் கடத்தினால் பூஞ்சணம் நூலுக்குள் இறங்கிவிடும்.