அம்மாவுக்கு டச் போன்: முதலில் டவர், அப்புறம் ரீசார்ஜ், கடைசியில்தான் போன்

டச் போன் வாங்கலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் போகும் முதல் இடம் போன் கடை. அங்கே போய் கேமரா, ரேம், கலர் எல்லாம் பார்த்து வாங்கி வந்து, பழைய சிம்மைப் போட்டு, அது ஒத்துவரவில்லை என்றால்தான் மற்றதை யோசிப்பார்கள். குறைவாக உபயோகிப்பவர்களுக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் சரி. வீட்டுக்குள் எந்த டவர் எடுக்கிறது என்பது முதல் கேள்வி. எந்த ரீசார்ஜ் என்பது அடுத்தது. இரண்டும் முடிவானால் போன் தானாகவே முடிவாகிவிடும்.

ஊரில் பட்டன் போன் வைத்திருந்த அம்மாவுக்காக இந்த வேலையெல்லாம் முடித்த கையோடு எழுதுகிறேன். அம்மாவின் தேவை இவ்வளவுதான்: பேச வேண்டும், வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகள் படம் பார்க்க வேண்டும், வாரத்தில் ஓரிரு வீடியோ கால், சிலிண்டர் புக்கிங், பேங்க் ஓடிபி, எப்போதாவது ஜிபே. நாள் முழுக்க ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

படி 1: வீட்டுக்குள் டவர்

விளம்பரத்தில் வரும் வேகத்தை விடுங்கள். அடுப்படியில் எத்தனை புள்ளி காட்டுகிறது என்பதுதான் விஷயம். பக்கத்து வீட்டிலோ சொந்தத்திலோ வேறு வேறு நெட்வொர்க் வைத்திருப்பவர்களை ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அடுப்படி, படுக்கும் அறை, கொல்லை என்று மூன்று இடத்தில் நின்று பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு ஏழு மணிக்கு மேல் பார்ப்பது நல்லது. எல்லோரும் போனைக் கையில் எடுக்கும் நேரம் அது.

இதில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி புள்ளி போய்விட்டால் பேச்சும் போச்சு. ஏர்டெல், விஐ (வோடஃபோன் ஐடியா) இரண்டிலும் 2ஜி இன்னும் இருப்பதால் 4ஜி தடுமாறினாலும் கால் வந்துசேர வாய்ப்பு உண்டு. பிஎஸ்என்எல் தன் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜியை 2025 செப்டம்பர் 27 அன்று முறையாகத் தொடங்கியது. கிராமத்தில் சில இடங்களில் இதுதான் நன்றாக எடுக்கிறது. ஆனால் அதன் 4ஜியில் முக்கியமான அலைவரிசை 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28. சுவரைத் தாண்டி வீட்டுக்குள் நன்றாக வரும். பழைய 4ஜி போன்கள் பலவற்றில் இந்த பேண்ட் கிடையாது. தெருவில் டவரே நின்றாலும் போனுக்கு அது தெரியாது. பிஎஸ்என்எல் எடுக்கப் போகிறீர்கள் என்றால், போன் விவரப் பக்கத்தில் 4ஜி பட்டியலில் 28 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் வைஃபை வழியாகவே சாதாரண கால் பேசலாம், தனிக் கட்டணம் இல்லை. போன் அமைப்புகளில் சிம் பகுதிக்குள் வைஃபை காலிங் என்று இருக்கும். அதை ஆன் செய்தால் போதும்.

படி 2: ரீசார்ஜ் கணக்கு

28 நாள் திட்டம் மாதத் திட்டம் மாதிரித் தெரியும். வருஷத்துக்கு 12 அல்ல, 13 முறை போட வேண்டும். 2025 ஆகஸ்டில் 249 ரூபாய் திட்டங்களை ஜியோவும் ஏர்டெல்லும் எடுத்த பிறகு, தினசரி டேட்டா வேண்டுமென்றால் 299 என்று ஆனது. 299ஐ 13ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 3,887 ரூபாய். அம்மா மாதிரி ஆட்களுக்கு அந்த டேட்டாவில் முக்கால்வாசி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீணாகக் காலாவதியாகும்.

மாற்று வழி இருக்கிறது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது எல்லா நிறுவனமும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அவை வந்தபோது ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, வருஷத்துக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. ஜியோவின் நீண்ட திட்டம் முழு வருஷம் இல்லை என்பதைக் கவனியுங்கள். விலை மாறிக்கொண்டே இருக்கும், போடும் அன்று ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆப்பிலும் முதல் பக்கத்தில் இது வராது. கீழே இழுத்துத் தேட வேண்டும்.

வீட்டில் வைஃபை இருந்து, வெளியே போகும்போது நெட் தேவையில்லை என்றால் இந்தப் பேச்சுத் திட்டத்தை எடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். வைஃபை இல்லையென்றால் 28 நாளுக்கு மொத்தமாக 2 ஜிபி தரும் சின்னத் திட்டம் (200 ரூபாயை ஒட்டி இருக்கும்) போதும். அதோடு வாட்ஸ்அப்பில் வீடியோ தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்திவிடுங்கள். குடும்ப குரூப்பில் வரும் குட்மார்னிங் வீடியோக்களே 2 ஜிபியைத் தின்றுவிடும். பேச்சுத் திட்டம் எடுத்தால், அவசரத்துக்கு மேலே டேட்டா பூஸ்டர் (டேட்டா மட்டும் தரும் கூடுதல் ரீசார்ஜ்) போட முடியுமா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 3: நம்பர் மாற்றாமல் போர்ட் செய்வது

போர்ட் என்றால் அதே நம்பரோடு வேறு நிறுவனத்துக்கு மாறுவது. இங்கேதான் இடறும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டன் போனில் இருப்பது பெரும்பாலும் பழைய பெரிய சிம். டச் போனில் போடுவது நானோ சிம். அதனால் கடைக்குப் போனதும் கவுண்டரில் இருப்பவர் முதலில் சொல்வது, 'சிம்மை நானோவா மாத்திக்கலாம்' என்பதுதான். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள், மாற்றினோம். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்கப் போட்ட விதி அது. மறுநாள் எஸ்எம்எஸ் திரும்ப வந்ததும் போர்ட் கேட்டால், மறுப்புதான் பதிலாக வந்தது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றி ஏழு நாள் ஆகாமல், வேறு நிறுவனத்துக்கு மாறத் தேவையான போர்ட் கோட் தர மாட்டார்கள். கவுண்டரில் இதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

ஆகவே, நெட்வொர்க் மாறப் போகிறீர்கள் என்றால் பழைய சிம்மைத் தொடாதீர்கள். அது பட்டன் போனிலேயே இருக்கட்டும். புது நிறுவனம் எப்படியும் நானோ சிம்தான் தரப் போகிறது.

செய்ய வேண்டியது: பட்டன் போனிலிருந்தே ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, பத்து இலக்க நம்பரை அடித்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துள்ள கோட் வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புது நிறுவனக் கடைக்கு, சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே போக வேண்டும். மூன்று வேலை நாளில் மாறிவிடும். அதுவரை பழைய சிம்மில் பேசலாம். அது செத்ததும் புதியதைப் போடுங்கள்.

பழைய சிம்மில் மிச்சமிருக்கும் வேலிடிட்டி, பேலன்ஸ் எதுவும் கூட வராது. அதனால் வருஷ ரீசார்ஜ் போட்ட கையோடு போர்ட் செய்யாதீர்கள், முடியும் வாரத்தில் செய்யுங்கள். புது நெட்வொர்க்குக்குப் போனதும் 90 நாளுக்கு மறுபடி மாற முடியாது. முதல் படியில் அடுப்படி வரை போய்ப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

சிம்மில் சேமித்த நம்பர்கள் புது சிம்முக்கு வராது என்பதும் பலருக்குத் தெரியாது. ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். அம்மாவிடம் எப்படியும் காலண்டர் பின்பக்கத்தில் எழுதிய பட்டியல் ஒன்று இருக்கும்.

படி 4: போன்

இப்போது சுலபம். 4 ஜிபி ரேம், 128 ஜிபி இடம், இதற்குக் கீழே போகாதீர்கள். 2, 3 ஜிபி ரேம் உள்ள போன் கடையில் நன்றாக ஓடும். ஆறு மாதத்தில் வாட்ஸ்அப் திறப்பதற்குள் காபி ஆறிவிடும்.

5ஜி வேண்டுமா? இந்த உபயோகத்துக்குத் தேவையே இல்லை. 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவிலும் ஏர்டெல்லிலும் அன்லிமிடெட் 5ஜி என்பது தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேலான திட்டங்களுக்குத்தான். நாம் போடும் ரீசார்ஜில் அது வரவே வராது. 5ஜி என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் எல்லா நெட்வொர்க்கிலும் வேலை செய்யும் என்று இல்லை. ரெட்மி ஏ4 5ஜி வந்தபோது அதன் 5ஜி ஜியோவில் ஓடும், ஏர்டெல்லின் அப்போதைய 5ஜியில் ஓடாது என்ற நிலை. அதில் 4ஜி எல்லாவற்றிலும் சரியாகவே ஓடும், நமக்கு அதுவே போதும்.

நான் பணம் கொடுப்பது அப்டேட்டுக்கு. பேங்க் ஆப் வைத்திருக்கும் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது கேமராவைவிட முக்கியம். சாம்சங் கேலக்ஸி எம்06 5ஜி 2025 பிப்ரவரியில் பத்தாயிரத்தை ஒட்டிய விலையில் வந்தது, நான்கு வருஷ அப்டேட் வாக்குறுதியோடு. பெட்டியில் சார்ஜர் கிடையாது, அதைத் தனியாகக் கணக்கில் சேர்க்கவும். அதன்பின் மெமரி சிப் விலை ஏறி எல்லாப் போனும் விலை கூடியிருக்கிறது. மாடல் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், 'அப்டேட் எத்தனை வருஷம்' என்ற ஒரே கேள்வியைக் கேட்டு வாங்குங்கள்.

செகண்ட்ஹேண்ட் என்றால் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) எடுத்து, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, அந்த எண் என்று 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பிலும் பார்க்கலாம். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதாக வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் எழுத்தைப் பெரிதாக்குங்கள், முகப்பில் போன், வாட்ஸ்அப், கேமரா மூன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதை உள்ளே தள்ளுங்கள். டெம்பர் கிளாஸும் ரப்பர் கேஸும் அன்றைக்கே போட்டுவிடவும்.

சேர்க்கை: சிம் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது, என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். முதலில் இப்போதைய நிறுவனத்தின் கடையிலேயே பெயர் மாற்றம் செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழோடு வேறு என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது போர்ட் கேட்டால் மறுத்துவிடுவார்கள். அது முடியட்டும்.

இன்னொரு சேர்க்கை: 'போர்ட் ஆச்சு, ஜிபே வேலை செய்யல' என்று வந்த கேள்விகள்தான் அதிகம். யுபிஐ ஆப் சிம்மையும் போனையும் சேர்த்து அடையாளம் வைத்திருக்கும். சிம் மாறினால் மறுபடி பதிய வேண்டும். பதியும்போது போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். இரண்டு சிம் இருந்தால் பேங்க்கில் கொடுத்த சிம்மைத் தேர்ந்தெடுங்கள், தோல்வி என்று வருவது பெரும்பாலும் இதனால்தான். பேச்சுத் திட்டத்தில் எஸ்எம்எஸ் உண்டு என்பதால் அதில் சிக்கல் வராது. பதிந்த பிறகும் முதல் 24 மணி நேரத்துக்கு மொத்தமாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. சீட்டுப் பணம் கட்டும் தேதிக்கு முந்தைய நாள் சிம்மையோ போனையோ மாற்றாதீர்கள்.