கியர் ஆயில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீட்டு வாசலிலேயே கார் வேலை பார்க்கும் பையன்கள் பெருகிவிட்டார்கள். இன்ஜின் ஆயில் மாற்றிக் கை பழகியதும் கியர் ஆயிலுக்கு வருகிறார்கள். வரட்டும், நல்ல வேலைதான். ஆனால் நாங்கள் ஷெட்டில் தொழில் கற்ற காலத்தில் நடந்த அதே தவறுகள் இன்றைக்கும் நடப்பதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. மேனுவல் கியர்பாக்ஸை மட்டும் வைத்துச் சொல்கிறேன். ஹேண்ட் பிரேக் போடு, வீலுக்குக் கல் வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

கீழ் பிளக்கை முதலில் கழற்றுவது

கியர்பாக்ஸில் பெரும்பாலும் இரண்டு பிளக், அதாவது துளையை அடைக்கும் திருகு மூடி, இருக்கும். அடியில் இருப்பது ஆயிலை வடிக்க. பக்கவாட்டில், சற்று மேலே இருப்பது ஊற்றவும் லெவல் பார்க்கவும். முதலில் மேல் பிளக்கைத்தான் இளக்க வேண்டும். அது சுற்றி வந்த பிறகுதான் கீழ் பிளக்கில் ஸ்பேனரே வைக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டைத் தம்பி ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ் பிளக்கைக் கழற்றி, சொட்டு மிச்சமில்லாமல் வடித்து, பிளக்கை மாட்டியும் விட்டான். மேல் பிளக் அசையவில்லை, புது ஆயில் ஊற்ற வழியில்லை. ஓபன் ஸ்பேனர் போட்டான், வழுக்கியது. ஸ்பேனரில் பைப் செருகி இழுத்தான், பிளக்கின் முனையெல்லாம் மழுங்கியது. கடைசியில் உளியும் சுத்தியலும். பிளக் ஓரத்தில் கேஸிங், அதாவது கியர்பாக்ஸின் வெளிக்கூடு, விரிசல் விட்டது. "ஆயில்தானே மாத்தினேன் அண்ணா"ன்னு வந்து நின்றான். வண்டியைக் கட்டி இழுத்து வந்து, கியர்பாக்ஸையே இறக்கி, கேஸிங் தேடி அலைய வேண்டியதாயிற்று. அவன் அப்பா டாக்ஸி ஓட்டுகிற வண்டி அது. வேலை முடிகிற வரைக்கும் அவருக்கு வருமானம் கிடையாது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்.

நம்ம ஏரியாவில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். உப்புக்காற்று ஒரு பக்கம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னொரு பக்கம். மேல் பிளக்கை யாரும் வருஷக்கணக்கில் தொடுவதில்லை, துரு பிடித்து இறுகிப் போயிருக்கும். வீடியோவில் லிஃப்டில் ஏற்றிய புது வண்டியில் எந்த பிளக்கைத் திருப்பினாலும் வந்துவிடும். எண்ணூர் ரோட்டில் ஓடின வண்டி அப்படி வராது.

முதல் நாள் இரவே பிளக்கைச் சுற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். பிளக்கின் தலை எந்த வடிவமோ அதற்குச் சரியான டூல் வேண்டும். ஆறு முனைத் தலை என்றால் ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் மட்டும். அப்படியும் வரவில்லையா, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய ஆயில் உள்ளே அப்படியே இருக்கிறது. ஓட்டிக்கொண்டே மெக்கானிக்கிடம் போய்விடலாம்.

இன்ஜின் பிளக் என்று நினைத்து கியர்பாக்ஸ் பிளக்கைத் திறப்பது

இன்ஜின் ஆயில் மாற்றப் போய் கியர் ஆயிலை வடித்துவிட்டு, புது ஆயிலை இன்ஜினில் ஊற்றுவார்கள். கியர்பாக்ஸ் காலி, இன்ஜினில் இரட்டிப்பு ஆயில். இரண்டும் கெடும்.

ஜிஎல்-4 கேட்கிற வண்டிக்கு ஜிஎல்-5 ஊற்றுவது

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பது கியர் ஆயிலின் வகை. அதைப் பார்க்காமல், டப்பாவில் 75டபிள்யூ-90 என்று இருந்தால் போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். அது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்லும். ஜிஎல்-5 ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்து அதிகம். வீல்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு அது நல்லது. ஆனால் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ ரிங் பித்தளையில் இருக்கும் கியர்பாக்ஸில், நாளாக ஆக அந்த ரிங்கையே அரிக்கக்கூடும். கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வர ஆரம்பிக்கும். வண்டியோடு வந்த மேனுவல் புத்தகத்தில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். கடைக்காரர் "இது அதைவிட ஒசத்தி" என்றாலும் வேண்டாம்.

ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது

வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டு இல்லாமல் படுக்காதீர்கள். ஹாலோ பிளாக் கல் ஸ்டாண்டு ஆகாது.

முன்பக்கத்தை மட்டும் தூக்கி லெவல் பார்ப்பது

வண்டி சாய்ந்திருந்தால் லெவலும் பொய். நான்கு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். மேல் துளையில் ஆயில் வழிய ஆரம்பித்து, மெல்லக் குறைந்து சொட்டாகும்போது மூடுங்கள்.

பலம் காட்டி இறுக்குவது

கேஸிங் பெரும்பாலும் அலுமினியம். மரை போனால் சரிசெய்வது பெரிய வேலை. வாஷர் புதுசாகப் போட்டு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சில் மேனுவல் புத்தகம் சொல்கிற அளவுக்கு இறுக்கினால் ஒழுகாது.

ஆட்டோமேட்டிக்

வீட்டில் வேண்டாம். அதன் ஆயில் வேறு. லெவலைப் பல வண்டிகளில் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் பார்க்க முடியும்.

பழைய ஆயிலைப் பார்க்காமலே கொட்டுவது

வடித்ததை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கீழ் பிளக்கில் காந்தம் இருந்தால், சாம்பல் நிறத்தில் மைபோலப் படிந்திருப்பது சாதாரணத் தேய்மானம். கையில் எடுக்கிற அளவு இரும்புத் துணுக்கு இருந்தால் கியரோ பேரிங்கோ போகிறது. ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சூடாக ஓடிய கியர்பாக்ஸ் வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காற்று போய்வரும் பிரீதர் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு தடவை மாற்றினால் போதாது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்ற வேண்டும்.

வடித்த ஆயிலைத் தெருக் கால்வாயில் ஊற்றவே கூடாது. இங்கே கால்வாய்த் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும்தான் போகிறது. மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் படகும் வலையும் நாசமானதைக் கண்ணால் பார்த்தோம். புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, இறுக்க மூடி, பக்கத்து ஷெட்டில் கொடுங்கள். பழைய ஆயில் எடுக்க வருகிறவர்களிடம் அவர்கள் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.