பூத் ஏஜென்ட் நோட்டில் என்னென்ன குறிக்க வேண்டும்

வாக்குப்பதிவு 7 மணிக்கு என்றால், காரைக்குடித் தொகுதியில் எந்த ஊர் பூத்தானாலும் ஏஜென்ட் 5.30-க்கே உள்ளே இருக்க வேண்டும். மாதிரி வாக்குப்பதிவு அப்போது தொடங்கும். இரண்டு வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகளாவது வராவிட்டால் அதிகாரி கால் மணி நேரம் பார்ப்பார்; பிறகு ஆரம்பித்துவிடுவார்.

புளூடூத்தில் ஓட்டை மாற்றுவார்கள் என்கிற பேச்சு டீக்கடையோடு இருக்கட்டும். பூத்தில் உங்களால் சரிபார்க்க முடிந்தவை நம்பரும் சீலும்தான்.

முதலில் கண்ட்ரோல் யூனிட் (அதிகாரி இயக்கும், ஓட்டைப் பதிந்து வைக்கும் பெட்டி), பேலட் யூனிட் (வாக்காளர் பட்டன் அழுத்தும் பெட்டி), விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் அச்சடித்துக் காட்டும் பெட்டி) மூன்றின் வரிசை எண்களையும் எழுதி, வேட்பாளருக்குக் கொடுத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். பேலட் யூனிட்டின் கேபிள் விவிபேட்டுக்கும், விவிபேட்டின் கேபிள் கண்ட்ரோல் யூனிட்டுக்கும் போக வேண்டும். கேபிளைக் கழற்றுவதோ மாட்டுவதோ கண்ட்ரோல் யூனிட்டை அணைத்த பிறகுதான். விவிபேட்டின் பின்பக்கக் குமிழ் படுத்திருந்தால் அது பயணத்துக்கான நிலை. நிமிர்த்திய பிறகே வேலை செய்யும். கிழக்கு ஜன்னல் உள்ள பள்ளிக்கூட அறையில் காலை வெயில் நேரே விவிபேட்டில் விழுந்தால் சென்சார் தடுமாறி மெஷின் நின்றுபோகும். மேசையை முன்பே தள்ளிப் போடச் சொல்லுங்கள். டியூப்லைட்டுக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

குறைந்தது 50 மாதிரி ஓட்டு போட வேண்டும். நோட்டாவையும் சேர்த்து ஒவ்வொரு பட்டனும் அழுத்தப்பட வேண்டும். சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரியும். முடிந்ததும் கண்ட்ரோல் யூனிட்டின் பட்டன்களை அழுத்துவது குளோஸ், ரிசல்ட், கிளியர், இந்த வரிசையில்தான். ரிசல்ட்டும் சீட்டும் ஒத்துப்போனபின் கிளியர் செய்து, டோட்டலை அழுத்தி பூஜ்யம் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான தகராறு இங்கேதான் முளைக்கிறது. அவசரத்தில் கிளியரை மறந்துவிட்டால் மாதிரி ஓட்டுகள் நிஜ ஓட்டுகளோடு கலந்துவிடும். சீட்டுகளை எடுத்து, பெட்டி காலி என்று காட்டி, சீட்டின் பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் சீல் வைக்க வேண்டும். அப்புறம் கண்ட்ரோல் யூனிட்டின் ரிசல்ட் பகுதியில் வைக்கும் பச்சைத் தாள் சீலின் எண்ணைக் குறித்துக்கொண்டு அதில் கையெழுத்திடுங்கள்.

நடுவில் விவிபேட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றுவார்கள். மற்ற இரண்டில் ஒன்று கெட்டால் மூன்றையும் மாற்றி, நோட்டா உட்பட ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மாதிரி ஓட்டு போட்டுப் பார்க்க வேண்டும். புது எண்களையும் மாற்றிய நேரத்தையும் மறக்காமல் எழுதுங்கள். அவ்வப்போது டோட்டலைக் கேட்டு வாக்களித்தவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டோடு ஒப்பிடலாம்.

கடைசி ஓட்டு முடிந்ததும் குளோஸ் அழுத்துவதைப் பார்த்துவிட்டு, பதிவான ஓட்டுகளின் கணக்கான 17சி படிவத்தின் நகலை வாங்காமல் பூத்தை விட்டு வராதீர்கள். எண்ணும் மேசையில் உங்கள் ஆள் கையில் இருக்க வேண்டியது அதுதான். யூனிட் எண், சீல் எண், மொத்த ஓட்டு மூன்றில் எது ஒத்துப்போகாவிட்டாலும், ரிசல்ட் பட்டனை அழுத்துவதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட வேண்டும்.

2024 ஏப்ரல் 26-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் முடிவு வந்த 7 நாளுக்குள் மனுச் செய்து, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சதவீத மெஷின்களைச் சோதிக்கக் கேட்கலாம். எந்த மெஷின் என்பதை பூத் எண்ணையோ வரிசை எண்ணையோ சொல்லித்தான் குறிப்பிட வேண்டும். மனு எழுதுகிறவர் அப்போது உங்கள் நோட்டைத்தான் கேட்பார்.